நீலத் தட்டில் வைத்தது

பச்சை வண்டி பட்டறைக்கு வந்த முதல் நாள் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. சாவியைத் திருப்பியதும் உறுமியது; நிறுத்தியதும் அடங்கியது; மறுபடி திருப்ப மறுபடி உறுமியது. டெஸ்டர் இருபது முறை எண்ணிப் பார்த்தான். ஒருமுறைகூட அது முரண்டு பிடிக்கவில்லை.

டெஸ்டர் என்பது வலது காதின் மேல் எந்நேரமும் சோதனை விளக்கைச் செருகிக்கொண்டு திரியும் அந்தக் கார் எலக்ட்ரீஷியனுக்கு அவனுடைய மச்சான் சூட்டிய பட்டம். பட்டறை மச்சானுக்குச் சொந்தம். எஞ்சினும் பிரேக்கும் மச்சானின் பாகம். வயரும் விளக்கும் பேட்டரியும் டெஸ்டரின் பாகம். இருவருக்கும் பொதுவானவை இரண்டு: மச்சானின் தங்கை, அதாவது டெஸ்டரின் மனைவி, பிறகு, சுவரில் மச்சானே பெயின்டால் எழுதிவைத்த ஒரு வரி. ‘கழற்றிய பாகங்கள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்.’

ஒரு காலத்தில் யாரோ ஒருவர், மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போயிருந்தார். அந்த அவமானம் மச்சானின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றுமுதல் எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், கருகிப்போன பல்பு ஆனாலும் சரி, அதை நீலத் தட்டில் போட வேண்டும். மச்சான் அதைக் கண்ணாடிக் கவரில் இட்டு, என்ன, எதற்குக் கழற்றியது என்று ஓர் அட்டையில் முத்து முத்தாக எழுதி, வண்டியின் கியர் கம்பியில் மாட்டிவிடுவார்.

பச்சை வண்டியோடு ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள்.

“சாவியைத் திருப்பினா முன்னாடி விளக்கெல்லாம் எரியுது. ஆனா எஞ்சின்ல ஒரு சத்தமும் வராது. முனகல்கூட இருக்காது. செத்த மாதிரி இருக்கும்,” என்றாள் அவள்.

“எனக்கு ஸ்டார்ட் ஆகுது,” என்றார் அவர். கசங்காத சட்டை, உயராத குரல். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். “இவ கூப்பிட்டதும் வந்து உட்காருவேன். முதல் தடவையே எடுத்துடும். கை ராசின்னு ஒண்ணு இருக்கு போல.”

மச்சான் சிரித்தார். அவளும் சிரித்தாள், எல்லோரும் முடித்தபிறகு.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவர் டெஸ்டரின் அருகே வந்து நின்றார். “பத்தொன்பது வருஷ வண்டி. அவங்க அப்பா கொடுத்தது. இதை நம்பித் தனியா தூரம் போக வேணாம்னு நான் சொன்னா தப்பாப் போயிடும். நான் எதையும் வேணாம்னு சொல்ற ஆள் இல்லை. நீங்க சொன்னா கேப்பா.”

“பார்க்காம எப்படி சார் சொல்றது? கோளாறுன்னு ஒண்ணு இருந்தா காரணம்னு ஒண்ணு இருக்கும்.”

“இருக்கும்,” என்றார் அவர், அதைத் தாமும் விரும்பி ஏற்றுக்கொள்பவரைப்போல.

விட்டு விட்டு வரும் கோளாறு எந்த எலக்ட்ரீஷியனுக்கும் பிடிக்காத விருந்தாளி. ஆள் இருக்கும்போது எட்டிப் பார்க்காது. ஆள் நகர்ந்ததும் பாத்திரத்தை உருட்டும். டெஸ்டர் முறைப்படி தொடங்கினான். பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. எஞ்சின் சுழலும்போதும் பத்தரைக்குக் கீழே இறங்கவில்லை. அதன்மேல் வயர் மாட்டும் இரண்டு தலைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டினான். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை ஆட்டி ஆட்டி அளந்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கிப் பிரித்தான். உள்ளே கார்பன் தேயவில்லை. சாவித் துவாரத்தின் பின்னாலுள்ள ஸ்விட்ச் சூட்டில் மக்கர் செய்கிறதோ என்று மனைவியின் கூந்தல் உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடேற்றினான்.

“என்ன மாப்ள, வண்டிக்கு முடி வெட்டி விடப் போறியா?” என்றார் மச்சான். “முடிஞ்சதும் பவுடர் போட்டு விடு.”

“பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுங்க மச்சான், வாயைக் கொடுக்காதீங்க.”

“உன்கிட்டதானே ரெண்டு இருக்கு?”

“ஒண்ணு தொலையறதுக்கு, ஒண்ணு வேலைக்கு. தொலையறது தொலைஞ்சாச்சு.”

பச்சை வண்டி சூட்டிலும் எடுத்தது. ஈரத் துணி சுற்றிக் குளிர்வித்தபோதும் எடுத்தது. சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் இரு முனைகளையும் பார்த்தான், குறையில்லை. நடுவில் பார்க்கவில்லை. கம்பளத்துக்கு அடியில் நாடா சுற்றிப் பத்திரமாகக் கிடக்கும் வயர் தானாகக் கெடுவதில்லை என்பது அவன் தொழில் கற்ற நாள்முதல் கொண்டிருந்த நம்பிக்கை.

தோற்றுப்போன டெஸ்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தான். ஒரு நோட்டு.

“ஒவ்வொரு தடவையும் எழுதுங்க மேடம். தேதி, நேரம், வெயிலா மழையா, அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நின்னுச்சு, எங்க கிளம்புனீங்க. எல்லாத்தையும்.”

“எடுக்காத நாள் மட்டுமா, எடுத்த நாளுமா?”

“எடுத்த நாள் எதுக்கு?”

“ஒப்பிடணும்ல? நல்லது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கெட்டது எதுன்னு தெரியும்,” என்றவள், சற்றுக் கூச்சத்தோடு, “கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பரிசோதிக்கிற லேப்ல இருந்தேன்,” என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மச்சான் ஒரு வேனுக்கு அடியில் படுத்து அதனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். டெஸ்டர் மேசையில் நோட்டை விரித்தான். பரிசோதனைச்சாலைக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

‘காலை ஏழு ஐம்பது. மேகமூட்டம். இரவு முழுதும் நின்றது. அக்கா வீட்டுக்கு. எடுக்கவில்லை.’

‘காலை பதினொன்று. வெயில். இரவு முழுதும் நின்றது. காய்கறி வாங்க. எடுத்தது.’

‘மாலை நான்கு. மழை. அத்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக. எடுத்தது.’

‘காலை எட்டு. வெயில். வேலைக்கான நேர்முகத்துக்கு. எடுக்கவில்லை. இவர் அலுவலகத்திலிருந்து வந்து திருப்பியதும் எடுத்தது. அதற்குள் நேரம் போய்விட்டது.’

அவன் பக்கத்தைப் புரட்டினான். வெயிலும் மழையும் குழம்பிக் கிடந்தன. நின்ற நேரமும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. போகும் இடத்தில் மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது. அக்கா வீடு, எடுக்கவில்லை. அக்கா வீடு, எடுக்கவில்லை. பழைய லேப் தோழியைப் பார்க்க, எடுக்கவில்லை. காய்கறி, எடுத்தது. அத்தையின் மாத்திரை, எடுத்தது.

“வண்டிக்கு எப்படி மேடம் தெரியுது நீங்க எங்க போறீங்கன்னு?” என்று டெஸ்டர் சிரித்தான். “உங்க வீட்டுப் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேக்குது போல!”

அவள் சிரிக்கவில்லை. இந்த முறை பிந்திக்கூடச் சிரிப்பு வரவில்லை. நோட்டையே பார்த்தபடி நின்றவளின் கன்னத்திலிருந்து நிறம் மெல்ல வடிவதை அவன் கண்டான். தான் சொன்னது வேடிக்கையன்று என்பது அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது.

“முந்தின ராத்திரி சாப்பிடும்போது கேப்பார்,” என்றாள் அவள். “நாளைக்கு எங்க போறேன்னு. அன்பாத்தான் கேப்பார். நானும் சொல்லுவேன்.”

டெஸ்டர் ஸ்பேனரை எடுத்தான். ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தான். கம்பளத்தை உரித்தான். சோதனை விளக்கின் கூர்முனையால் அந்த மெல்லிய வயரை விரல் விரலாகத் தொடர்ந்தான். இருக்கையின் தண்டவாளம் பதிந்திருந்த இடத்துக்கருகே வயர் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. இரு முனைகளிலும் அதே நிற வயர் ஈயம் வைத்து ஒட்டப்பட்டு, மேலே கறுப்புக் குழாய் சூட்டில் சுருக்கப்பட்டு, தண்டவாளத்தின் பின்னாலிருந்த ஒரு குட்டி ஸ்விட்சுக்குப் போயிருந்தது. உட்கார்ந்திருப்பவர் குனியாமலே கையைத் தொங்கவிட்டால் விரலுக்கு எட்டும் இடம்.

அவ்வளவு சுத்தமான ஒட்டை அவன் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. ஒரு கணம், வெட்கப்படத்தக்க வகையில், அவன் அதை ரசித்தான். பொறுமையுள்ள கை. அவசரப்படாத கை. பிறகுதான் அந்தக் கை யாருடையது என்பது நினைவுக்கு வந்தது.

அவள் அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“ஆறு வருஷமா என் கையிலதான் ஏதோ தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குள் அவள் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மருத்துவமனையின் லேபில் வேலைக்குச் சேர வேண்டும். நேர்முகத்துக்கு இரண்டாம் முறை கூப்பிட்டபோது யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸில் போய்வந்து வாங்கிய வேலை. நான்கு கிளைகளுக்குச் சென்று ரத்த மாதிரிகளை எடுத்துவர வேண்டும் என்பதால் சொந்த வண்டியோடு வருபவருக்கே இடம். பத்து மணிக்கு வண்டி வந்து நிற்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அக்கா வீடு அந்த மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெரு.

“போனா திரும்ப மாட்டேன்,” என்றாள். “வேலைக்கான லெட்டர் வந்ததும் அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப சந்தோஷம், வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா போன்னாரு.”

டெஸ்டர் யோசித்தான். “ஸ்விட்ச் அங்கேயே இருக்கட்டும் மேடம். எடுக்க வேணாம். நான் வயரை மட்டும் நேரா இணைச்சு விட்டுடறேன். அவர் போடுவாரு, போட்ட மாதிரியே இருக்கும். நிம்மதியாத் தூங்குவாரு. நீங்க காலையில சாவியைத் திருப்புங்க.”

“அப்பவும் எடுக்கலன்னா?”

அவன் முன்மூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினான். “மொதல்ல இந்தத் தலையை ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். வலது பக்கம் திருப்பினா இறுகும்.”

வேலை முடிய மாலையாகும் என்றான். ஐந்து மணிக்குத் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பட்டறைப் பதிவேட்டிலிருந்த எண் கணவருடையது. அதற்குக் கூப்பிட வேண்டாம் என்றாள். தன்னுடைய போனை அவர் தினமும் எடுத்துப் பார்ப்பதால் அந்த எண்ணையும் தரவில்லை. நோட்டை மட்டும் விட்டுச் சென்றாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்கு இனி விருப்பமில்லை.

மச்சானிடம் டெஸ்டர் எதுவும் சொல்லவில்லை. மச்சான் நல்லவர்; ஆனால் அவர் வாய்க்குள் எதுவும் ஒருநாள்கூடத் தங்கியதில்லை. தங்கையின் பிரசவ வலியைத் தங்கைக்கு முன்பே தெருவுக்கு அறிவித்தவர். இவரிடம் போய் இதைச் சொல்வானேன் என்று டெஸ்டர் எண்ணினான். அது அவன் செய்த முதல் பிழை.

ஒட்டுகளை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய வயரின் இரு முனைகளையும் இணைத்தான். ஸ்விட்ச் இப்போது வெறும் பொம்மை. இருக்கையை மாட்டினான். வெட்டியெடுத்த இரண்டு ஒட்டுகளையும் கை எங்கே வைத்ததென்று அவன் கவனிக்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம் கைக்குள் ஊறியிருந்தது. கை அவற்றை நீலத் தட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிற்று. அது இரண்டாவது பிழை.

இரண்டு மணிக்கு ஊர் எல்லையில் நின்றுபோன ஒரு லாரிக்காகப் போனவன், நான்கரைக்குத் திரும்பினான். பச்சை வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

“அந்த சார் மூணு மணிக்கே வந்துட்டாரு மாப்ள,” என்றார் மச்சான், கையைத் துடைத்தபடி. “நல்ல மனுஷன். நம்ம வேலையைப் பாராட்டினாரு.”

“என்ன சொன்னீங்க மச்சான்?”

“என்னத்தைச் சொல்ல? தட்டுல கிடந்ததைப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில தடவுனேன், ஸ்விட்ச் இருந்துச்சு. திருட்டு பயத்துக்கு எவனோ முன்னாடி வச்சது போல. ‘சார், இதாலதான் உங்க வீட்டம்மாவுக்கு ஸ்டார்ட் ஆகல, எங்க மாப்ள கண்டுபிடிச்சு நேரா இணைச்சுட்டாரு’ன்னேன். கவர்ல போட்டு, அட்டை எழுதி, கியர்ல மாட்டி அனுப்பிட்டேன். ரொம்ப நேரம் அட்டையைப் படிச்சாரு.” மச்சான் நிறுத்தினார். “ஏன்டா, உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”

டெஸ்டர் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்த மச்சான் கவிழ்த்துப் போட்ட டயரின் மேல் உட்கார்ந்தார். அவரை அப்படி வாயடைத்து டெஸ்டர் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு அவள் வரவில்லை.

புதன் நண்பகலில் டெஸ்டர் பதிவேட்டிலிருந்த முகவரியைத் தேடிப் போனான். அடுக்குமாடிக் கட்டடம், தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம். ஸ்பேனர் ஒன்று வண்டியில் விழுந்திருக்கும், தேடிப் பார்க்க வேண்டும் என்று வாயிற்காவலரிடம் சொல்லி அனுப்பினான். கணவர் உடனே இறங்கி வந்தார். அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்பு போட்டிருந்தார்.

“வாங்க வாங்க. நானே நன்றி சொல்ல வரணும்னு இருந்தேன்.”

நிறுத்துமிடத்தில் பகலிலும் விளக்கு எரிந்தது. தூண்களுக்கு நடுவே பச்சை வண்டி மூலையில் ஒதுங்கி நின்றது. கவர் கியர் கம்பியில் இல்லை. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில், ஏறி உட்காருபவரின் கண்ணுக்கு நேராக, மச்சானின் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏறினதும் அவ கண்ணுல படணும்னு மாட்டினேன்,” என்றார் அவர். “உங்க மச்சான் எழுத்து அழகு.” பிறகு போனில், “உன் எலக்ட்ரீஷியன் வந்திருக்கார்ம்மா, தண்ணி கொண்டு வா,” என்றார்.

டெஸ்டர் இருக்கைக்கடியில் குனிந்து, தொலைக்காத ஸ்பேனரைத் தேடினான்.

“ஒட்டு எப்படி இருந்துச்சு?” என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

மறைக்க அவர் முயலவே இல்லை என்பது டெஸ்டருக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. “நல்ல ஒட்டு சார்,” என்றான். அது உண்மையும்கூட.

“லிஃப்டுல ஒரு ஏற்பாடு உண்டு. தளம் வந்து நிக்காம கதவு திறக்கக் கூடாது. உள்ள இருக்கறவங்க எத்தனை தடவை அமுக்கினாலும் திறக்கக் கூடாது. அவங்க கோபப்படுவாங்க, கத்துவாங்க. ஆனா அது அவங்க நல்லதுக்குத்தான்.”

அவள் தண்ணீரோடு வந்து நின்றாள். டெஸ்டரைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தொங்கியதையும் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் டம்ளருக்குள் நடுங்கியது.

“வண்டி கொஞ்ச நாள் நிக்கப் போகுது,” என்றார் கணவர். “அப்படி நிக்கும்போது பேட்டரியைக் கழட்டி வைக்கறது நல்லதுதானே?”

தொழில் தெரிந்தவன் இதற்கு இல்லையென்று சொல்ல முடியாது. “நல்லதுதான் சார்.”

“அப்ப நீங்களே கழட்டி விட்டுடுங்க. வீட்ல நான் கருவி எதுவும் வச்சுக்கறதில்லை. இவளுக்குக் கை வெட்டிக்கற பழக்கம். சாவி மட்டும் வாசல் ஆணியில அப்படியேதான் தொங்குது. நான் எதையும் ஒளிச்சு வைக்கிற ஆள் இல்லை.”

டெஸ்டர் முன்மூடியைத் திறந்தான். சட்டைப்பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தான். பாடம் ஒப்பிப்பவனைப்போல உரக்கச் சொன்னான். “கறுப்பு வயர் மட்டும் போதும் சார். சிவப்பைத் தொடவே வேணாம். இடது பக்கம் திருப்பினா தளரும். தலையை உருவி, இப்படி ஓரமா வச்சா போதும். திரும்ப மாட்டணும்னா வச்சு, அமுக்கி, வலது பக்கம். ரெண்டு நிமிஷ வேலை.”

“ரெண்டே நிமிஷமா?” என்றார் கணவர். சிரித்தார். “ஸ்பேனரை மறக்காம எடுத்துக்கோங்க.”

டெஸ்டர் அதை அவர் காணும்படி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கால்சட்டைப்பையில் இன்னொன்று இருந்தது. காலையில் மச்சான் தம் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவன் கையில் வைத்தது.

“தொலைஞ்சதை இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்.” அவன் மீண்டும் குனிந்தான். தண்டவாளத்தின் பின்னால், அந்தச் செத்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில், உலோகம் உலோகத்தில் படாதபடி, அதை வைத்தான். நிமிர்ந்து, அவளைப் பார்க்காமல் சொன்னான். “இல்ல சார். அந்த ஸ்விட்ச்தான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் டம்ளரை நீட்டினாள். தண்ணீர் இப்போது நடுங்கவில்லை. புரிந்ததாலா, நம்பிக்கை விட்டதாலா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கே டெஸ்டர் பட்டறைக்கு வந்துவிட்டான். மச்சான் அவனுக்கு முன்பே வந்திருந்தார். இருவரும் ஏதேதோ கருவிகளை எடுத்தார்கள், வைத்தார்கள். எட்டு மணி. எட்டரை. தெருவில் போகும் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் மச்சானின் தலை திரும்பியது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கணவர் வந்தார். நடந்து வந்தார். சட்டை கசங்கியிருந்தது, அவரை அப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவை. கையில் அந்தக் கவர்.

“வண்டி இங்க வந்துச்சா?”

“இல்லையே சார்,” என்றார் மச்சான். “மறுபடி ஸ்டார்ட் ஆகலையா?”

“ஆயிடுச்சு. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள. இது மட்டும் வண்டி நின்ன இடத்துல கிடந்துச்சு.”

டெஸ்டர் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கணவர் கவரை மேசைமேல் வைத்தார். சுவரிலிருந்த வரியை வாய்க்குள் வாசித்தார். “ஒப்படைக்கறது உங்க வழக்கம்னு எழுதியிருக்கீங்க. நானும் ஒப்படைக்க வந்தேன்.” நாற்காலியை இழுத்து மேசைக்கருகே உட்கார்ந்து, பட்டறையின் போனைத் தமக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டார். “தொலைஞ்ச ஸ்பேனர் கிடைச்சுதா?”

“இல்ல சார்.”

“கிடைக்கும். பழைய வண்டி. நீங்களே சொல்லுங்க, நாற்பது கிலோமீட்டர் தாங்குமா? எங்கயாவது நிக்கும். நின்னா யாரைக் கூப்பிடுவா? உங்களைத்தானே. நான் இருக்கேன்.”

அவருடைய முழங்கை பட்டுக்கொண்டிருந்த இழுப்பறைக்குள் அந்த நோட்டு இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், அவளுடைய நறுக்கான கையெழுத்தில் மருத்துவமனை லேபின் எண்ணும் ‘வியாழன், பத்து மணி’ என்ற குறிப்பும் இருந்தன. டெஸ்டர் ஒரு ஹாரனைக் கையிலெடுத்துத் துடைக்கத் தொடங்கினான். மனம் முதல் நாளிலிருந்து செய்த வேலையையெல்லாம் திரும்பச் செய்தது. பேட்டரித் தலை இறுகியிருக்குமா? பெண் கை, முழுதும் இறுக்கினாளா? எர்த் பட்டை? ஸ்டார்ட்டர் மோட்டாரின் மூன்றாவது நட்டு? இதுநாள்வரை எந்த வண்டியைப் பற்றியும் அவன் இப்படிப் பயந்ததில்லை. போன் அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

ஒன்பதரைக்கு அது அடித்தது.

கணவர் எடுத்தார். கேட்டார். “உங்களுக்குத்தான்,” என்று மச்சானிடம் நீட்டினார். யாரோ, பிரேக்கில் கீச்சென்று சத்தம் வருகிறதாம். மச்சான் பேசி முடித்து வைத்தபோது ரிசீவர் அவர் வியர்வையில் நனைந்திருந்தது.

பத்து மணி. பத்தேகால். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், சட்டையின் கசங்கலை உள்ளங்கையால் நீவினார்.

“நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கீங்க,” என்றார் டெஸ்டரிடம். பிறகு மச்சானைப் பார்த்து, “அந்தப் பக்கம் போற பஸ் எத்தனை மணிக்கு? உங்களுக்குத் தெரியாததா இருக்காதே,” என்றார்.

தெரியும். எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த டிரைவர், எங்கே டீக்கு நிறுத்துவான் என்பதுவரை மச்சானுக்குத் தெரியும்; கேட்காமலே சொல்வார். டெஸ்டர் ஹாரனை இறுகப் பிடித்தான்.

“தெரியாது சார்,” என்றார் மச்சான்.

“பரவாயில்லை. விசாரிச்சுக்கறேன்.” அவர் இறங்கித் தெருவில் நடந்தார். வேகம் இல்லை. தம்மிடம் நிறைய நேரம் இருக்கிறது என்று நம்புகிறவரின் நடை. முனையில் நின்று ஒருவரிடம் ஏதோ கேட்டார்; அந்த ஆள் கையை நீட்டி வழி காட்டினான்.

டெஸ்டர் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்து எண்களை அழுத்தினான். மறுமுனையில் ஒரு பெண் குரல் எடுத்தது.

“புதுசா சேர்றவங்களா? ஒன்பது அம்பதுக்கே வந்துட்டாங்களே. உள்ள கையெழுத்துப் போட்டுட்டிருக்காங்க. கூப்பிடவா?”

மச்சான் பக்கத்தில் வந்து காதை ஒட்டவைத்து நின்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. தெருமுனையில் இப்போது ஆள் இல்லை.

“வேணாம், கையெழுத்துப் போடட்டும்,” என்றான் டெஸ்டர். “போட்டு முடிச்சதும் ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வண்டியை வாசல்ல நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. உள்ள, எங்கயாவது மறைவா விடச் சொல்லுங்க. பச்சைக் கலர், பஸ்ஸுல வர்றவங்களுக்குத் தூரத்துலயே தெரியும்.”